எழுபது கிலோவைத் தாங்கும் மூணு மில்லிமீட்டர்

உங்க ஹாஸ்டல்ல கண்டிப்பா ஒரு கிட்டார் இருக்கும். அதை உருப்படியா வாசிக்கத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருப்பார். போற வர்றப்ப எல்லாம் ‘டொய்ங்’னு ஒரு தட்டு தட்டிட்டு, ‘மச்சி, எனக்கும் கத்துக்கொடுடா’ன்னு சொல்லிட்டுப் போறவங்க இருபது பேர் இருப்பாங்க. நீங்க எந்தக் கோஷ்டியா இருந்தாலும் சரி, இன்னிக்கு ராத்திரி அந்தக் கிட்டாரை மடியில வச்சு, நடுவுல இருக்கிற வட்ட ஓட்டையோட விளிம்பைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. முன்பக்கப் பலகை எவ்வளவு தடிமன் இருக்கும்னு நினைக்கிறீங்க?

கிட்டத்தட்ட மூணு மில்லிமீட்டர். நல்ல கிட்டார்னா அதுக்கும் கீழே போகும். நாலு ஏ.டி.எம். கார்டை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா வர்ற தடிமன், அவ்வளவுதான். இப்போ கம்பிகளுக்கு வாங்க. ஸ்டீல் கம்பி ஆறையும் சுருதி சேர்த்து முறுக்கி வச்சா, ஆறும் சேர்ந்து இழுக்கிற இழுவை எழுபது கிலோவுக்கு மேல. அதாவது, நல்லா சாப்பிடுற உங்க ரூம்மேட் ஒருத்தர் அந்த நாலு ஏ.டி.எம். கார்டைப் பிடிச்சுக்கிட்டு ராத்திரி பகலா தொங்குறார். செமஸ்டர் லீவுக்குக்கூட இறங்க மாட்டார்!

அது எப்படி உடையாம நிக்குதுங்கிறதுதான் இந்த வார மேட்டர். ஒரு சின்ன பட்டறையில, ஒரே ஆள் உட்கார்ந்து கையால ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரைச் செய்யும்போது அவர் மண்டைக்குள்ள ஓடுற ஒரே கவலையும் இதுதான். (கிட்டார் செய்யறவருக்கு லூதியர்னு பேர்.)

என்னை மாதிரி இன்ஜினீயரிங் பசங்களுக்கு ‘ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி’ன்னா என்னன்னு தெரியும். பத்து டன் தாங்கணும்னா இருபது டன்னுக்கு டிசைன் பண்ணு. சந்தேகம் வந்தா இன்னும் கொஞ்சம் தடிமன் ஏத்து. பாலம் கட்டினாலும் கிரேன் செஞ்சாலும் இதான் பொழைப்பு. ஆனா கிட்டார்ல இந்தப் புத்திசாலித்தனத்தைக் காட்டினா கதை கந்தல். ஏன்னா கம்பி தனியா போடுற சத்தம் ரொம்பச் சின்னது. அந்த அதிர்வை பிரிட்ஜ் வழியா வாங்கி, தானும் அதிர்ந்து, காத்தைத் தள்ளுறது முன்பலகைதான். பலகை கனமா இருந்தா கம்பியால அதை அசைக்க முடியாது. நூறு வருஷம் உடையாம இருக்கும், சத்தம்தான் வராது. அட்டைப்பெட்டி மாதிரி ‘டொக் டொக்’குன்னு கேட்கும். மெலிசா இருந்தா அருமையா பாடும், ஆனா கொஞ்ச நாள்ல பிரிட்ஜுக்குப் பின்னாடி வயிறு தள்ளி, முன்னாடி குழி விழுந்து, கடைசியில மடங்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு மெல்லிய கோடு இருக்கு. அந்தக் கோட்டை எவ்வளவு நெருங்கலாம், எங்க கையை எடுக்கணும்... கிட்டார் செய்யற கலைன்னு நான் புரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதான்.

மரத்துல இருந்து ஆரம்பிப்போம். முன்பலகைக்குப் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரம். ஆல்ப்ஸ் மலைப் பக்கமும் அலாஸ்கா பக்கமும் வளர்ற ஊசியிலை மரம். எடை ரொம்பக் கம்மி, ஆனா விறைப்பு ஜாஸ்தி. 1903-ல ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தோட சட்டமும் இதே ஸ்ப்ரூஸ்தான். (ஏரோ டிபார்ட்மென்ட் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கலாம்.) மரத்தை தர்பூசணிக் கீத்து போடுற மாதிரி நடுவுல இருந்து வெளியே அறுத்து எடுப்பாங்க. அப்போதான் ரேகைகள் பலகையில நேர்நேரா, நெருக்கமா, நோட்டுப் புத்தகத்துக் கோடு மாதிரி விழும். ஒரு துண்டை ரெண்டாப் பிளந்து, புத்தகத்தை விரிக்கிற மாதிரி விரிச்சு, நடுவுல ஒட்டணும். இடப்பக்க ரேகையும் வலப்பக்க ரேகையும் கண்ணாடியில பார்த்த மாதிரி இருக்கும். ஒட்டறதுக்கு முன்னாடி ரெண்டு விளிம்பையும் சேர்த்து வச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பார்ப்பார். இடுக்குல ஒரு கீத்து வெளிச்சம் தெரிஞ்சாலும் திரும்ப இழைப்புளியைக் கையில எடுக்க வேண்டியதுதான். பசையைப் போட்டு அடைச்சுக்கலாம்ங்கிற பேச்சே கிடையாது.

அடுத்ததுதான் கண்டம். ஒட்டின பலகையை நாலஞ்சு மில்லிமீட்டர்ல இருந்து இழைச்சு இழைச்சு இறக்கணும். எங்க நிறுத்தணும்? நம்ம புத்தகத்துல ஒரு கணக்கு இருக்கு. பலகையோட விறைப்பு தடிமனோட முப்படிக்கு ஏத்த மாதிரி மாறும். மூணு மில்லிமீட்டர்ல வெறும் 0.3-ஐ சீவி 2.7 ஆக்கினீங்கன்னா, போனது பத்து சதவீத மரம். ஆனா விறைப்புல 27 சதவீதம் அவுட்! இன்னும் கொஞ்சம் போய் 2.5 ஆக்கினா 42 சதவீதம் காலி. சீவின மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால இந்த இடத்துல கை தானா மெதுவாகும். நாலு தடவை இழைக்கிறது, நிறுத்தறது, பலகையை ரெண்டு கையால பிடிச்சு லேசா வளைச்சுப் பார்க்கிறது, ஒரு ஓரமா ரெண்டு விரல்ல தொங்கவிட்டு முட்டியால தட்டி, காதுகிட்ட வச்சுக் கேட்கிறது. ஆரம்பத்துல ‘டக்’குன்னு செத்த சத்தம். மெலிய மெலிய அது ‘டொம்ம்ம்’னு நீளும். அந்த ‘ம்ம்ம்’ எவ்வளவு நேரம் நிக்குதுன்னு கேட்டுத்தான் அடுத்த சீவலை முடிவு பண்றாங்க.

ஃபேக்டரியில இந்தக் கூத்தெல்லாம் இல்லை. மெஷின்ல ஒரு எண்ணை செட் பண்ணுவாங்க, எல்லாப் பலகையும் ஒரே தடிமன்ல வெளியே வரும். தப்புன்னு சொல்லலை, விலை கட்டுப்படியாகணும்ல? ஆனா ஒரே மரத்துல அறுத்த ரெண்டு பலகைகூட ஒரே மாதிரி விறைப்பா இருக்கிறதில்லை. ஒண்ணுக்கு 2.6 போதும், இன்னொண்ணுக்கு 2.9 வேணும். கையால செய்யறதோட அர்த்தம் அங்கேதான் இருக்கு. மத்தபடி மெஷின் அறுத்தா என்ன, கை அறுத்தா என்ன! ‘ஹேண்ட்மேட்’னு ஸ்டிக்கர் ஒட்டி ரேட்டை ஏத்துறதுல எனக்குப் பெரிய மரியாதை இல்லை. பலகையைத் தட்டிப் பார்த்து முடிவெடுக்க ஒரு ஆள் இருந்தாரா, இல்லையா? அதைச் சொல்லுங்க.

சரி, இவ்வளவு மெலிசாப் போன பலகை எழுபது கிலோவை எப்படித் தாங்கும்? கீழே முட்டுக் கொடுக்கணும். ஓட்டை வழியா கையை விட்டுத் தடவிப் பாருங்க, உள்பக்கம் குச்சி குச்சியா ஒட்டியிருக்கும். அதுக்குப் பேர் பிரேஸிங். ஸ்டீல் கம்பி கிட்டார்ல ரெண்டு பெரிய குச்சி பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போகும். இந்த ‘எக்ஸ்’ வடிவத்தை 1840-கள்லயே கையில எடுத்தவர்கள்ல முக்கியமானவர் கிறிஸ்டியன் ஃப்ரெட்ரிக் மார்ட்டின். ஜெர்மனியில இருந்து 1833-ல அமெரிக்காவுக்குக் கப்பலேறினவர். மார்ட்டின் கிட்டார்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, அந்தக் குடும்பம்தான். அப்போ ஸ்டீல் கம்பியே புழக்கத்துல இல்லை. ஆட்டுக்குடல்ல திரிச்ச நரம்புதான். பின்னாடி ஸ்டீல் கம்பி வந்து இழுவை எகிறினப்போ, அந்த ‘எக்ஸ்’ அதையும் சமாளிச்சுது.

மார்ட்டின் கம்பெனியில நடந்த ஒரு விஷயத்தை இங்கே சொல்லியே ஆகணும். அந்தக் காலத்துல பிரேஸ் குச்சிகளை நடுவுல உளியால சரிவா செதுக்கி, பள்ளம் பள்ளமா மெலிய விட்டிருந்தாங்க. பலகை இன்னும் ஃப்ரீயா அதிரும்ங்கிறதுக்காக. ஆனா வாசிக்கிறவங்க சத்தம் பத்தலைன்னு கனமான கம்பிகளை மாட்ட ஆரம்பிச்சாங்க. கிட்டார்கள் வயிறு தள்ளி ரிப்பேருக்குத் திரும்ப வந்துது. 1944 கடைசியில கம்பெனி ஒரு முடிவு எடுத்துது: இனிமே செதுக்க வேண்டாம், குச்சியை முழுசா விட்டுடலாம். சேஃப்டி ஏறிடுச்சு. புகார் குறைஞ்சிருக்கும். ஆனா என்ன ஆச்சு தெரியுமா? வாசிக்கிறவங்க பழைய, செதுக்கின கிட்டார்களைத் தேடித் தேடி வாங்க ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு அந்தப் போருக்கு முந்தைய மார்ட்டின்களோட விலையைக் கேட்டா நமக்குத் தலை சுத்தும். கடைசியில 1976-ல ‘ஹெச்.டி.-28’ங்கிற மாடல்ல கம்பெனியே செதுக்கின பிரேஸுக்குத் திரும்பிடுச்சு. நம்ம லேப்ல சாம்பிளை உடைச்சுப் பார்த்துத்தான் எங்க உடையும்னு கண்டுபிடிப்போம். இவங்களுக்கு முப்பது வருஷ வியாபாரம் தேவைப்பட்டிருக்கு!

பக்கப்பலகை வேற கதை. ரெண்டு மில்லிமீட்டர் தடிமன்ல நீளமான பட்டையா அறுத்து, தண்ணியில நனைச்சு, சூடேத்தின இரும்புக் குழாய் மேல வச்சு மெல்ல மெல்ல வளைக்கணும். மரத்துக்குள்ள செல்களை ஒட்டிவைக்கிற லிக்னின் சூட்டுல இளகும். ஆறினா திரும்ப இறுகும். கிட்டாரோட இடுப்பு வளைவுல அவசரப்பட்டா ‘படக்’. வளைஞ்சு வந்ததும், முன்பலகையை ஒட்ட இடம் வேணும்ங்கிறதுக்காக உள் ஓரம் பூரா ஒரு சின்ன மரப்பட்டையை ஒட்டுவாங்க. அதை அழுத்திப் பிடிக்க உலகம் பூரா லூதியர்கள் எதை உபயோகிக்கிறாங்க தெரியுமா? நம்ம மொட்டைமாடியில துணி காயப்போடுற கிளிப்! சுத்தி வரிசையா ஐம்பது, அறுபது கிளிப்பு கவ்விக்கிட்டு நிக்கிறதைப் பார்த்தா முள்ளம்பன்றி மாதிரியே இருக்கும். பசை விஷயத்துல ரெண்டு கட்சி உண்டு. பழமைக் கட்சிக்கு மாட்டுத்தோல்ல காய்ச்சின பசை. நம்ம ஊர்த் தச்சர்கள் வஜ்ரம்னு சொல்வாங்களே, அதே சமாசாரம். சூடும் ஈரமும் காட்டினா விட்டுக்கொடுக்கும், அதனால அம்பது வருஷம் கழிச்சும் பிரிச்சு ரிப்பேர் பண்ணலாம். இன்னொரு கட்சிக்கு வெள்ளை ஃபெவிகால் வகையறா.

கழுத்துல ஃப்ரெட் பதிக்கிற இடம் மேத்ஸ் பிரியர்களுக்கு. வீணையில மெட்டுகளை மெழுகுல பதிப்பாங்க. சுருதி பிசகினா திரும்பச் சரி பண்ணிக்கலாம். கிட்டார்ல அந்தச் சலுகை கிடையாது. மரத்துல கீறி, சுத்தியால அடிச்சு இறக்கிட்டா முடிஞ்சுது. ஒரு ஆக்டேவுக்குப் பன்னிரண்டு சமமான படிகள், பன்னிரண்டாவது படியில கம்பி சரியா பாதி. அதுக்கு, மிச்சமிருக்கிற நீளத்தை ஒவ்வொரு தடவையும் 17.817-ஆல வகுக்கணும். 650 மில்லிமீட்டர் கம்பின்னா முதல் ஃப்ரெட் 36.48-ல. அடுத்தது அங்கிருந்து 34.43-ல. இப்படியே நெருங்கிக்கிட்டே போகும். அந்தக் காலத்துல இதை ‘பதினெட்டு விதி’ன்னு சுலபமாக்கி வச்சிருந்தாங்க. பதினாறாம் நூற்றாண்டுல இதை எழுதி வச்சவர்கள்ல ஒருத்தர் வின்சென்சோ கலிலீ. டெலஸ்கோப் கலிலியோவோட அப்பா! 18-ஆல வகுத்தா என்ன குடி முழுகிடும்னு நான் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்ல ரெண்டரை மில்லிமீட்டர் கிட்டத் தள்ளிப் போகுது. போதாக்குறைக்கு, விரலால அழுத்தும்போது கம்பி கொஞ்சம் இழுபட்டு சுருதி ஏறும். அதை ஈடுகட்ட பிரிட்ஜ்ல இருக்கிற சேடிலை ரெண்டு மூணு மில்லிமீட்டர் பின்னாடி தள்ளி, சாய்வா வைப்பாங்க. உங்க கிட்டார்ல அந்த வெள்ளைப் பட்டை கோணலா இருக்கேன்னு திட்டியிருந்தீங்கன்னா, வாபஸ் வாங்கிக்குங்க.

இப்போ காசு விஷயத்துக்கு வர்றேன். கிட்டார் விலையில பெரிய பங்கை முழுங்குறது பின்பலகையும் பக்கப்பலகையும்தான். ரோஸ்வுட் வேணும், அதுலயும் பிரேசில் ரோஸ்வுட் வேணும்னு ஒரு மோகம். 1969 வாக்குல பிரேசில்ல இருந்து கட்டைகள் வர்றது நின்னதும், மார்ட்டின் உள்பட பலர் கையை நீட்டின இடம் எது தெரியுமா? நம்ம ஈட்டி மரம்! தோதகத்தின்னும் சொல்வாங்க. நீலகிரி, வயநாடு, குடகுன்னு மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகள்ல நின்ன மரம்தான் உலகத்துல எத்தனையோ கிட்டார்களுக்கு முதுகு. இன்னிக்கு அது அழிவு அபாயத்துல இருக்கிற மரங்கள் பட்டியல்ல இருக்கு. 2017 ஜனவரியில உலகத்துல இருக்கிற எல்லா ரோஸ்வுட் வகைக்கும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாடு வந்து, கிட்டாரைத் தூக்கிக்கிட்டு நாடு தாண்டுற கலைஞர்கள்கூடக் கலங்கிட்டாங்க. செஞ்சு முடிச்ச இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர்லதான் விலக்கு கிடைச்சுது.

இவ்வளவு ரகளைக்கு அந்த முதுகு தகுதியானதுதானா? ஸ்பெயின்ல அன்டோனியோ டி டோரஸ்னு ஒருத்தர் இருந்தார். 1817-ல பிறந்த தச்சர். இன்னிக்கு நாம பார்க்கிற கிளாசிக்கல் கிட்டாரோட உருவத்தை ஒழுங்குபடுத்தினவர் அவர்தான். 1862-ல அவர் ஒரு வேலை பண்ணினார். முன்பலகையை மட்டும் அருமையான ஸ்ப்ரூஸ்ல செஞ்சு, பின்பக்கத்தையும் பக்கங்களையும் காகிதக்கூழ்ல செஞ்சுட்டார். ஆமா பாஸ், நவராத்திரி கொலு பொம்மை செய்வாங்களே, அந்தக் காகிதக்கூழ்! சத்தத்தைத் தீர்மானிக்கிறது முன்பலகைதான்னு காட்டத்தான் இந்த வேலைன்னு சொல்றாங்க. அந்தக் கிட்டார் இன்னமும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்துல இருக்கு.

‘ஒரு கிட்டாரை வச்சு முடிவு பண்ணலாமா’ன்னு கேட்கிறவங்களுக்கு 2018-ல இன்னொரு பதில் வந்துது. இங்கிலாந்துல லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், ரோஜர் பக்னால்ங்கிற லூதியர்கிட்ட ஆறு கிட்டார் செய்யச் சொன்னாங்க. எல்லாம் அச்சு அசலா ஒண்ணு. பின் மரமும் பக்க மரமும் மட்டும் வேற வேற. பிரேசில் ரோஸ்வுட், நம்ம ஈட்டி, மகாகனி, மேப்பிள், சப்பேலே, வால்நட். 52 கிட்டார் கலைஞர்களைக் கூப்பிட்டு, மரத்தைப் பார்த்துடக் கூடாதுன்னு வெல்டிங் கண்ணாடியை மாட்டிவிட்டு, இருட்டு ரூம்ல உட்காரவச்சு வாசிக்கச் சொன்னாங்க. (காட்சியைக் கற்பனை பண்ணிப் பாருங்க!) மார்க் போட்டப்போ ஆறு கிட்டாருக்கும் ஏறக்குறைய ஒரே மார்க். தங்கம் விலை பிரேசில் மரத்துக்கும் சாதா மரத்துக்கும் பெரிசா வித்தியாசம் சொல்ல முடியலை. ரோஸ்வுட் அழகு, மறுக்கலை. ஆனா அந்த அழகுக்காக ஒரு ஈட்டி மரம் விழணுமான்னா, வேண்டாம்ங்கிற கட்சி நான்.

டோரஸைப் பத்தி இன்னொண்ணு சொல்லிடறேன். அவரோட பழகின ஒரு பாதிரியார் பின்னாடி எழுதின கடிதத்துல இருக்கிற சேதி இது. ‘உங்க ரகசியத்தை யாருக்காவது சொல்லிக்கொடுத்துட்டுப் போங்களேன்’னு ஒரு விருந்துல கேட்டிருக்காங்க. ‘நான் நினைச்சாலும் முடியாது, பலகையோட தடிமனை என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மூளைக்குச் சொல்லுது, அதை எப்படிக் கொடுக்கறது’ங்கிற அர்த்தத்துல பதில் சொல்லியிருக்கார். 1892-ல அந்த விரல்களும் போயிடுச்சு. ஆனா லண்டன்ல, ஹோஸே லூயிஸ் ரோமனிலோஸ்னு ஒரு ஸ்பானிஷ் மரவேலைக்காரர், கிட்டார் செய்யறதுல யார்கிட்டயும் சிஷ்யனா இருக்காதவர், 1960-களோட தொடக்கத்துல வீட்டு சமையலறை மேஜையில முதல் கிட்டாரைச் செஞ்சார். டோரஸ் செஞ்ச கிட்டார்களைத் தேடித் தேடி அளந்தார். 1973-ல அவர் செஞ்ச ஒரு கிட்டாரை உலகப்புகழ் ஜூலியன் ப்ரீம் வருஷக்கணக்கா மேடையிலயும் ரெக்கார்டிங்லயும் வாசிச்சார். ரோமனிலோஸ் 2022-ல காலமானார். அளவையெல்லாம் புத்தகமாவே போட்டுட்டார், எவனும் எடுத்துக்கலாம். விரலை மட்டும் அவங்கவங்க சொந்தமா சம்பாதிக்கணும்!

பாலீஷுக்கு அரக்கு உபயோகிக்கிறவங்க இன்னமும் இருக்காங்க. பாண்டவர்களுக்குக் கட்டின அரக்கு மாளிகையோட அதே அரக்கு, இன்னிக்கும் பெரும்பாலும் இந்தியாவுல விளையறதுதான். துணி உருண்டையில தொட்டுத் தொட்டு நாள்கணக்குல தேய்ச்சு, பலகைக்குத் தெரியாத அளவுக்கு மெலிசா ஒரு படலம். அப்புறம் கம்பி மாட்டறது. நூறு மணி நேரத்துக்கு மேல உழைச்சவர், முதல் தடவையா அந்த எழுபது கிலோவை ஏத்தி விடுறார். பலகை லேசா மேல எழும். எழணும், அதுதான் கணக்கு. எவ்வளவு எழுந்து எங்க நிக்குதுங்கிறதுதான் கேள்வி. அன்னிக்கு ராத்திரி அவர் எப்படித் தூங்குவார்னு எனக்கு நிஜமாவே சந்தேகம்.

உங்க கிட்டாருக்கும் ரெண்டு வார்த்தை. மரத்துக்கு 45-ல இருந்து 50 சதவீத ஈரப்பதம்தான் சொகுசு. சென்னை மாதிரிக் கடலோர ஊர்ல 70-க்கு மேல சர்வசாதாரணம். பலகை உப்பி, கம்பி உயர்ந்து, விரல் வலிக்கும். ‘கிட்டார் கஷ்டம்டா’ன்னு பாதிப் பேர் விட்டுட்டு ஓடுறது இதனாலயும்தான். பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு மூடி வைங்க. மே மாச வெயில்ல பூட்டின காருக்குள்ள மட்டும் விட்டுடாதீங்க, ஒட்டின பசையே இளகிடும்.

புதுசா வாங்கப் போறீங்கன்னா, பின்பக்கம் என்ன மரம்னு கேட்கிறதை விடுங்க. ஓட்டையோட விளிம்பைப் பாருங்க. மேல தெரியற ரேகை அப்படியே விளிம்பு வழியா உள்ள இறங்கினா அது ஒரே பலகை, ‘சாலிட் டாப்’. சாண்ட்விச் மாதிரி அடுக்கு அடுக்கா தெரிஞ்சா பிளைவுட். அப்புறம் பிரிட்ஜ் பக்கத்துல முட்டியால மெதுவா ஒரு தட்டு தட்டி, காதை வச்சுக் கேளுங்க. பக்கத்துல இருக்கிற இன்னொரு கிட்டாரையும் தட்டுங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும், நீங்க மூணாவதையும் தட்டுங்க!